இலுப்பைத் தோப்புக்கு லேசர் ஸ்கேன்: இரண்டு தடவை எடுத்த அனுபவம்

கடையம் பக்கம் தாத்தா வைத்த இலுப்பைத் தோப்பு, இரண்டு ஏக்கர். சில மரங்கள் பட்டுப்போய் மேலே அங்கங்கே வானம் தெரிகிறது. எந்த இடத்தில் கன்று வைத்தால் வெயில் கிடைக்கும் என்று பார்க்கத்தான் லேசர் ஸ்கேன் ஆட்களைக் கூப்பிட்டேன். கருவி சுற்றிச் சுற்றி லேசர் ஒளியை விடும்; அது பட்டுத் திரும்பும் இடங்களையெல்லாம் புள்ளிகளாகச் சேர்த்தால் மரத்தின் உருவம் திரையில் வரும். ஆள், கருவி எல்லாம் சேர்த்து நாளுக்கு 22,000 ரூபாய்.

முதலில் ஆனியில் வந்தார்கள். செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் கிளை ஒரு நிமிஷம் நிற்கவில்லை. கருவி சுற்றி முடிப்பதற்குள் இலை நகர்ந்துவிடும்; ஒரே கொப்பு திரையில் இரண்டு மூன்றாகத் தெரிந்தது. தேதி குறிக்கும்போதே காற்றைப் பற்றி அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். பாதிப் பணம்தான் திரும்ப வந்தது.

அப்புறம் மாசியில் எடுத்தோம். இலுப்பை இலை உதிர்த்து நிற்கிற மாதம், விடியற்காலையில் காற்றே இல்லை. கருவி நிற்கும் ஸ்டாண்டை 19 இடத்தில் மாற்றி மாற்றி வைத்தார்கள். எல்லா இடத்து அளவையும் ஒன்றாகப் பொருத்த நடுநடுவே வெள்ளைப் பந்துகள். "அண்ணாச்சி, பந்தை மட்டும் யாரும் நகத்திராதிய" என்று ஸ்கேன் எடுக்க வந்த பையன் பத்துத் தடவை சொல்லியிருப்பான்.

சாயங்காலம் பெரிய மரத்தைக் குறுக்கே அறுத்த மாதிரி திரையில் காட்டினான். 6 மீட்டரில் கவை பிரிகிறது, அதற்கு மேல் வடக்குப் பக்கம் வெறும் வெளி. சின்ன வயசிலிருந்து நான் ஏறிய மரம், அந்த வெளி என் கண்ணில் பட்டதே இல்லை. சித்திரை பிறந்து ஆவணி பாதி வரை நம் ஊரில் உச்சி வெயில் வடக்கே சாய்ந்துதான் வரும், அந்த வெளி வழியாகக் கீழே இறங்கும். இலை தழைத்தால் நிழல் கூடும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன்.

மரத்தின் உச்சி உயரத்துக்கு மட்டும் தரையில் வைத்து எடுக்கும் இந்த ஸ்கேனை நம்ப வேண்டாம். கீழிருந்து போகும் ஒளியைக் கிளைகள் மறிக்கும், நுனியில் புள்ளிகள் குறைவு. உயரம் வேண்டுமென்றால் ட்ரோன் லேசர்தான் சரி: சில கதிர் இலையில் பட்டுத் திரும்பும், சில இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுவரும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மர உயரம். சில போனில் இருக்கும் லைடார், அதாவது லேசரால் தூரம் அளக்கும் கருவி, 5 மீட்டர் வரைதான், அடிமரத்தோடு சரி. விண்வெளியிலிருந்து லேசரால் காடுகளை அளக்க நாசா 2018-இல் அனுப்பிய ஜெடி (GEDI) கருவியின் தரவு இலவசம், ஆனால் ஒரு புள்ளியே 25 மீட்டர் அகலம். காட்டுக்கு அது போதும், கொப்பு கொப்பாகப் பார்க்க உதவாது.

கலர் வீடியோவை மட்டும் வாங்கிக்கொண்டு விடாதீர்கள். அளந்த புள்ளிகள் எல்லாம் இருக்கும் லாஸ் (LAS) கோப்பைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு மூன்று போன் போட்ட பிறகுதான் வந்தது. கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளில் நாமே திறக்கலாம். வடக்கு வெளிக்கு நேர் கீழே மூன்று கன்று வைத்திருக்கிறேன்.