டெட்ராய்ட்டா, டொயோட்டாவா: அமெரிக்கச் சாலையில் எந்தக் கார் அதிகம் உழைக்கும்?

அமெரிக்காவில் பழைய கார் தேடும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை, "கண்ணை மூடிக்கிட்டு ஜப்பான் கார் வாங்குங்க" என்பதுதான். 1980களிலும் 90களிலும் அது பெரும்பாலும் பலித்தது. இன்று பாதிதான் பலிக்கிறது. லோகோவை மட்டும் பார்த்து வாங்கினால் நமக்கு எந்தப் பாதி வாய்க்கும் என்பது அதிர்ஷ்டத்தின் கையில். எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்த ஆண்டுத் தயாரிப்பு என்று மூன்றையும் பார்த்து வாங்கினால் அது நம் கையில்.

எது உள்நாடு, எது இறக்குமதி?

டொயோட்டா கேம்ரி 1988 முதல் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் தயாராகிறது. ஹோண்டா அக்கார்டு 1982லேயே ஒஹாயோவின் மேரிஸ்வில்லுக்கு வந்துவிட்டது. பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் உருவாகிறது. செவ்ரோலெட் டிராக்ஸோ தென்கொரியாவிலிருந்து கப்பலேறி வருகிறது. ஃபோர்டு மேவரிக் மெக்சிகோ தயாரிப்பு.

இதைத் தெரிந்துகொள்ள விற்பவரின் வாய்ச்சொல் தேவையில்லை. முன் கண்ணாடியின் ஓரத்தில் தெரியும் 17 இட வின் எண்ணின், அதாவது வண்டியின் அடையாள எண்ணின், முதல் எழுத்து 1, 4, 5 என்றால் அமெரிக்கா; 2 கனடா; 3 மெக்சிகோ; ஜே ஜப்பான்; கே கொரியா; டபிள்யூ ஜெர்மனி. பத்தாவது இடம் மாடல் ஆண்டு: எல் என்றால் 2020, எம் 2021, என் 2022, பி 2023, ஆர் 2024. பதினொன்றாவது இடம் ஆலையைச் சொல்லும். புதுக் கார் என்றால் ஜன்னலில் ஒட்டியிருக்கும் உதிரிபாக விவரச் சீட்டில் இன்ஜின் எந்த நாடு, கியர்பாக்ஸ் எந்த நாடு என்று தனித்தனியே அச்சிட்டிருப்பார்கள்.

லோகோவுக்கும் உழைப்புக்கும் உள்ள தொடர்பைச் சோதிக்க ஒரு நல்ல உதாரணம் உண்டு. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக அமைத்த நம்மி ஆலை 1984 முதல் 2010 வரை இயங்கியது. கொரோலாவும் ஜியோ பிரிஸமும் அங்கே ஒரே கூரையின் கீழ் தயாராயின. உள்ளே இருந்த இன்ஜினும் கியர்பாக்ஸும் டொயோட்டாவுடையவை. அமெரிக்கப் பெயர் ஒட்டியிருந்ததால் பிரிஸம் மட்டும் பழைய கார் சந்தையில் மலிவாகப் போனது. விவரம் தெரிந்தவர்கள் அதைத் தேடிப் பிடித்து வாங்கினார்கள். அதே ஆலையில் வந்த போன்டியாக் வைப் காரின் 2009, 2010 மாடல்கள் சிலவற்றில் டொயோட்டாவின் 2.4 லிட்டர் இன்ஜின் இருந்தது. அந்தக் கால 2.4 லிட்டர் இன்ஜினில் பிஸ்டனிலுள்ள ஆயில் வடியும் துளைகள் கரி படிந்து அடைத்துக்கொள்ளும்; பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும்; இன்ஜின் ஆயில் குடிக்கும். நல்லதும் கெட்டதும் இன்ஜினோடுதான் வந்தன.

பெரிய இன்ஜின்கள்

பிக்கப் டிரக், பெரிய எஸ்.யூ.வி. பக்கம் வந்தால் ஒப்பீடு இன்னும் கூர்மையாகிறது. 2024 மே மாதம் டொயோட்டா, 2022, 2023 டன்ட்ரா உள்ளிட்ட சுமார் ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6 இன்ஜினைக் கடைசல் செய்யும்போது விழுந்த உலோகத் துகள்கள் உள்ளேயே தங்கி, கிராங்க்ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்கைக் கெடுத்தன. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ், 2021 முதல் 2024 வரையிலான 6.2 லிட்டர் வி8 வண்டிகள் சுமார் ஆறு லட்சத்தை அழைத்தது. அங்கே கனெக்டிங் ராடும் கிராங்க்ஷாஃப்ட்டும் குறை. இரண்டிலும் விளைவு ஒன்றே: ஹைவேயில் ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடலாம்.

தீர்வில்தான் வித்தியாசம். டொயோட்டா இன்ஜினை மாற்றிக் கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் சோதனையில் தேறாதவற்றுக்கு இன்ஜினைச் சரிசெய்தோ மாற்றியோ கொடுத்தது. தேறியவற்றுக்கு 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதில் கெட்டியான 0டபிள்யூ-40 ஊற்றி, ஆயில் மூடியையும் மாற்றி அனுப்பியது. அப்படி ஆயில் மட்டும் மாறிய 6.2 வண்டியை வாங்குவதைவிட, புது இன்ஜின் ஏறியதற்கு ரசீது உள்ள வண்டியை வாங்குவது மேல். டன்ட்ராவிலும் அந்த ரசீதைக் கேட்காமல் பேச்சை முடிக்காதீர்கள்.

ஒரு தலைமுறை முன்னால் போனால் ஜப்பான் தெளிவாக வெல்கிறது. செவ்ரோலெட்டின் 5.3 லிட்டர் வி8, 2007ஐ ஒட்டிய ஆண்டுகள் தொட்டு, எரிபொருள் மிச்சத்துக்காக 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்களை ஓட்டத்திலேயே அணைத்து எழுப்பும். அந்தச் சிலிண்டர்களின் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் எட்டு லிஃப்டர்களில் ஆயில் அழுத்தத்தால் உள்வாங்கும் ஒரு சிறிய பின் இருக்கிறது. ஆயில் அழுக்கானாலோ அளவு குறைந்தாலோ அந்தப் பின் சிக்கிக்கொள்ளும். வால்வு திறக்காது, அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாது (மிஸ்ஃபயர்), டிக் டிக் என்று சத்தம் கேட்கும். அப்படியே ஓட்டினால் லிஃப்டரின் உருளை கேம்ஷாஃப்ட்டைக் கீறிவிடும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் லிஃப்டரை எடுக்க முடியாது. எனவே லிஃப்டர்கள், ஹெட் கேஸ்கட், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஹெட் போல்ட்டுகள், கீறியிருந்தால் கேம்ஷாஃப்ட் என்று பட்டியல் நீளும். டாஷ்போர்டின் கீழே பழுது படிக்கும் கருவிக்காக இருக்கும் ஓ.பி.டி. துளையில் செருகும் ஒரு கருவி சிலிண்டர் அணைவதைத் தடுக்கும். தேய ஆரம்பித்துவிட்ட லிஃப்டரை அது காப்பாற்றாது.

2007 முதல் 2021 வரை டன்ட்ராவில் இருந்த 5.7 லிட்டர் வி8இல் இந்தச் சிலிண்டர் அணைக்கும் ஏற்பாடே கிடையாது. அதன் குறைகள் கேம்ஷாஃப்ட்டைத் தாங்கும் கேம் டவரில் ஆயில் கசிவு, ஏர் இன்ஜெக்ஷன் பம்ப் பழுது, தணியாத பெட்ரோல் தாகம். முதல் இரண்டும் செலவு வைக்கும், வண்டியைச் சாகடிக்காது. பல ஆண்டுகள் ஓட்டப்போகிறவர் பெட்ரோல் செலவைப் பொறுத்துக்கொண்டு இதையே எடுக்கலாம்.

ஆனால் துருவில் டொயோட்டா சறுக்கியது. அதன் பழைய டகோமா பிக்கப்களின் சேஸிஸ் உப்புத் தூவும் வட மாநிலங்களில் உள்ளிருந்தே அரித்துப்போய், நிறுவனம் வண்டிகளைத் திரும்ப வாங்கும் நிலை வந்தது. அந்தச் சேஸிஸைச் செய்து கொடுத்ததோ டேனா என்ற அமெரிக்க நிறுவனம்! டகோமா வாங்குவோர் கீழே படுத்து, பின்சக்கர ஸ்பிரிங் பொருந்தும் இடத்தருகே சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தாலோ செதில் உதிர்ந்தாலோ வேண்டாம்.

கியர்பாக்ஸ்தான் உண்மையான களம்

நடுத்தரக் கார்களில் இன்ஜினைவிட கியர்பாக்ஸ்தான் காரை ஓரங்கட்டுகிறது. இங்கே இரண்டு தரப்பிலும் தப்பு இருக்கிறது.

ஃபோர்டு ஃபியஸ்டாவிலும் (2011-16) ஃபோகஸிலும் (2012-16) வந்த ஆட்டோமேட்டிக் உண்மையில் இரண்டு உலர் கிளட்ச்சுகள் கொண்ட கியர்பாக்ஸ். ஆயிலில் நனையாத கிளட்ச் நெரிசலில் ஊர்ந்து போகும்போது சூடேறும். ஷாஃப்ட்டின் சீல் கசிந்தால் ஆயில் பட்டு வழுக்கும். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான்: 10 முதல் 20 மைல் வேகத்தில் மெதுவாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி முழுக்க நடுங்கும். அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரும் பழுதாகும். ஃபோர்டு கிளட்ச்சுக்கு 7 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் வரை வாரன்டியை நீட்டித்தது. அந்தக் காலமும் போய்விட்டது. அதே ஃபோகஸ் 5 கியர் மேனுவலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லாத கார்.

நிஸ்ஸான் பக்கம் ஆல்டிமா, சென்ட்ரா, ரோக் கார்களின் சி.வி.டி. இதில் கியர்கள் இல்லை. இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு எஃகு பெல்ட் ஓடுகிறது. ஆயில் சூடேறித் தரம் குறைந்ததும் பெல்ட் வழுக்கும், புல்லியின் முகம் கீறும், அந்தத் துகள் ஆயிலில் கலந்து வால்வுகளைக் கெடுக்கும். 2013-16 ஆல்டிமாவுக்கு வாரன்டி 84 மாதம் அல்லது 84,000 மைல் வரை நீட்டிக்கப்பட்டது. வாங்கும் முன் இருபது நிமிடமாவது ஓட்டி நன்றாகச் சூடேற்றிவிட்டு, 15இலிருந்து 45 மைல் வரை மெதுவாக ஏறுங்கள். லேசான அதிர்வு வந்தாலே விட்டுவிடுங்கள். மேட்டில் ரிவர்ஸும் எடுத்துப் பாருங்கள்.

ஹோண்டாவும் தப்பவில்லை. 2002-2004 ஒடிஸி வேனின் வி6 ஆட்டோமேட்டிக்கில் இரண்டாவது கியர் போதிய ஆயில் கிடைக்காமல் சூடேறி உடையும்; 2004இல் திரும்ப அழைத்து ஆயில் பீய்ச்சும் குழாய் பொருத்திக் கொடுத்தார்கள்.

இரு தரப்பும் சமமாக நிற்கும் இடம் ஹைப்ரிட். டொயோட்டாவின் ஹைப்ரிட் கியர்பாக்ஸைச் சி.வி.டி. என்றுதான் அழைக்கிறார்கள், ஆனால் பெல்ட் இல்லை, டார்க் கன்வெர்ட்டரும் இல்லை. ஒரு பிளானட்டரி கியர் தொகுதி, இரண்டு மோட்டார்கள், அவ்வளவே. தேய்வதற்குப் பொருள் குறைவு. ஃபோர்டு எஸ்கேப், ஃப்யூஷன், மேவரிக் ஹைப்ரிட்களும் இதே தத்துவம். எஸ்கேப் ஹைப்ரிட் 2005 முதலே நியூயார்க்கில் டாக்ஸியாக ஓடித் தன்னை நிரூபித்தது. டொயோட்டா எட்டாத விலையில் இருந்தால் ஃபோர்டு ஹைப்ரிடைத் தயங்காமல் பாருங்கள். டொயோட்டாவிலும் கண்ணை மூட முடியாது: 2010-15 பிரையஸில், இன்ஜினுக்கே திரும்பப் போகும் புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலர் கரியால் அடைத்து ஹெட் கேஸ்கட் போகும். 2019ஐ ஒட்டிய ராவ்4 ஹைப்ரிடில் பின்மோட்டாருக்குப் போகும் உயர்மின் கேபிளின் இணைப்பு உப்பில் அரிக்கும். பின்சீட்டின் அருகே பேட்டரிக்குக் காற்று இழுக்கும் ஃபில்டரில் தூசியும் நாய் முடியும் சேர்ந்தால் பேட்டரி சூட்டிலேயே கிடக்கும். அதைச் சுத்தம் செய்யப் பத்து நிமிடம் போதும்.

ஜெர்மன் கார்கள்

இவற்றைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பி.எம்.டபிள்யூவின் பி58 போன்ற இன்ஜின் உறுதியானது; டொயோட்டாவே அதை 2020 சுப்ராவில் வைத்தது. சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான் தோற்கின்றன: கூலன்ட் குழாய்கள், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட், வால்வு கவர் கேஸ்கட். ஃபோக்ஸ்வாகன், ஆவ்டியின் 2008-12 கால 2.0 டர்போ இன்ஜினில் டைமிங் செயின் டென்ஷனர் தளர்ந்தால் செயின் பல் தாண்டி வால்வும் பிஸ்டனும் மோதும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் அதை வாங்கக் கூடாது.

மதிப்பெண் பட்டியல்களைப் படிக்கும் விதம்

ஜே.டி. பவரின் நம்பகத்தன்மை ஆய்வு மூன்று ஆண்டு ஆன கார்களைப் பார்த்து, 100 கார்களுக்கு எத்தனை குறைகள் என்று சொல்கிறது. ஃபோன் இணையாத புளூடூத்தும் ஒரு குறை, உடைந்த கியர்பாக்ஸும் ஒரு குறை. 1,20,000 மைலில் என்ன ஆகும் என்பதை மூன்று வயதுக் கார் சொல்லாது. மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு இன்ஜின், கியர்பாக்ஸ் பிரிவுகளை மட்டும் படியுங்கள். புது இன்ஜினோ புது கியர்பாக்ஸோ அறிமுகமான முதல் ஆண்டு மாடலை எந்த நாட்டுக் காரானாலும் தவிர்க்கலாம். டொயோட்டா சராசரியில் முன்னால் நிற்பதற்கு ஒரு காரணம், அது பழைய இன்ஜின்களை நீண்ட காலம் மாற்றாமல் வைத்திருப்பதுதான்.

வாங்கிய பிறகும், வாங்கும் அன்றும்

டர்போ இன்ஜினுக்கும் சிலிண்டர் அணைக்கும் வி8க்கும் டாஷ்போர்டு சொல்லும் வரை காத்திருக்காமல் 5,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். சி.வி.டி. ஆயில் 30,000 மைலுக்கு ஒருமுறை, நிஸ்ஸானுக்கு என்.எஸ்-3, ஹோண்டாவுக்கு எச்.சி.எஃப்-2. எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் பொது ஆயிலை ஊற்றி கியர்பாக்ஸைக் கெடுத்தவர்கள் பலர். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்று எழுதியிருந்தாலும் 60,000 மைலில் வடித்து நிரப்புவது நல்லது.

பார்க்கப் போகும் முன் வின் எண்ணை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் தளத்தில் போட்டு, முடிக்காத ரீகால் (திரும்ப அழைப்பு) உள்ளதா என்று பாருங்கள். போனதும் முதல் வேலை, பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பது. குளிர்ந்திருக்க வேண்டும். பானட்டைத் திறந்து வைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி முதல் இரண்டு வினாடியைக் கவனியுங்கள். செயின் தளர்ச்சியும் லிஃப்டர் டிக் டிக்கும் அப்போதுதான் நன்றாகக் கேட்கும். சூடான இன்ஜினில் மறைந்துவிடலாம். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், நாளைக் காலை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருங்கள், வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.