‘வண்டியை எடு’ கட்சியும் அட்டவணைக் கட்சியும்

லீவு விட்டுத் தீம் பார்க்குக்குப் போவதென்றால் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு கட்சி பத்து நாளைக்கு முன்பே வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, டிக்கெட், ரயில், எந்த ரைடு எத்தனை மணிக்கு என்று அட்டவணை போட்டு அனுப்பும். இன்னொரு கட்சி அதைத் திறந்துகூடப் பார்க்காது. “எதுக்குவே இவ்வளவு? வேனைச் சொல்லு, அங்க போய்ப் பாத்துக்கிடலாம்” என்று முடித்துவிடும். இரண்டு கட்சியும் கடைசியில் ஒரே வேனில்தான் ஏறும் என்பது வேறு விஷயம்.

போகிற இடமும் பெரும்பாலும் தெரிந்ததுதான். ஒரு நாளில் போய்த் திரும்ப மதுரை பரவையில் இருக்கும் அதிசயம் பார்க். கொஞ்சம் மெனக்கெட்டால் கொச்சி பள்ளிக்கரையில் வொண்டர்லா. 2000-ல் வீகாலேண்ட் என்ற பெயரில் திறந்தது. இன்றைக்கும் நம் ஊரில் பாதிப் பேர் வீகாலேண்ட் என்றே சொல்கிறார்கள். இந்த இரண்டையும், முக்கியமாகக் கொச்சியை மனத்தில் வைத்துத்தான் இரண்டு கட்சியையும் ஒப்பிடுகிறேன். என் ஓட்டு எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதியம் வரைக்கும் அட்டவணைக் கட்சி. அதற்கு அப்புறம் அந்த அட்டவணையை யாராவது பிடுங்கி வைத்துக்கொண்டால் நல்லது.

‘வண்டியை எடு’ கட்சியைச் சோம்பேறிகள் என்று நினைத்தால் தப்பு. அவர்கள் குற்றாலத்தில் பழகியவர்கள். குற்றாலத்துக்குத் திட்டம் போட்டுப் போனவன் ஏமாறுவான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பெய்தால்தான் அருவி. ரொம்பப் பெய்தால் குளிக்கத் தடை. காலையில் மெயினருவியில் தடை, ஐந்தருவியில் கூட்டம், பழைய குற்றாலத்தில் நிதானமாகத் தண்ணீர் என்றிருக்கும். மதியத்துக்குள் எல்லாம் மாறிவிடும். அங்கே செல்லுபடியாகிற ஒரே திட்டம், தென்காசியில் இருக்கிற சொந்தக்காரருக்குப் போன் போட்டு “தண்ணி விழுதா?” என்று கேட்பது. விழுதென்றால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். டிக்கெட் கிடையாது, மெயினருவியில் ராத்திரியிலும் குளிக்கலாம், துண்டு மறந்தால் அங்கேயே வாங்கலாம்.

இந்தப் பழக்கத்தை அப்படியே தீம் பார்க்குக்குக் கொண்டுபோவதில்தான் சிக்கல். பார்க்கில் தண்ணீர் சுவிட்ச் போட்டால் விழும், சுவிட்ச் அணைத்தால் நிற்கும். தண்ணீர் ரைடுகளுக்குத் தனி நேரம். எத்தனை தூரத்திலிருந்து வந்திருந்தாலும் அந்த நேரம் முடிந்தால் முடிந்ததுதான்.

தேதி விஷயத்தில் மட்டும் ‘வண்டியை எடு’ கட்சிக்கு ஓர் எதிர்பாராத அதிர்ஷ்டம் உண்டு. நம் ஊர்களில் சென்னை, பம்பாய், கோயம்புத்தூர் ஆட்கள் எல்லாரும் ஒன்றுசேர்வது ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்குத்தான். யார் வருவார்கள், யாருக்கு லீவு கிடைக்கும் என்பது கடைசி நாள் வரை தெரியாது. கொடை முடிந்து, சாமிக்குப் படைத்த படப்புச் சோறு தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் “பிள்ளைகளை எங்கயாவது கூட்டிட்டுப் போவோமா” என்று பேச்சு வரும். அம்மன் கொடை பல ஊர்களில் செவ்வாய்க்கிழமை. அப்படியென்றால் பார்க்குக்குப் போய்ச் சேர்வது வியாழக்கிழமை வாக்கில். கூட்டம் குறைவு, டிக்கெட் விலையும் சனி, ஞாயிறைவிடக் குறைவு. அட்டவணைக் கட்சி பத்து நாள் யோசித்துப் பிடிக்கிற நாளை இவர்கள் யோசிக்காமலே பிடித்துவிடுகிறார்கள்.

ஆனால் அதிர்ஷ்டம் எல்லா மாதமும் வராது. சித்திரை, வைகாசியில் தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் பள்ளிக்கூடம் லீவு. வியாழனும் ஒன்று, ஞாயிறும் ஒன்று. காலாண்டு லீவில் நம் பக்கத்துக் கூட்டம், ஓணம் லீவில் அவர்கள் கூட்டம். நம் காலண்டரை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்கள் ஓணத்தில் போய் மாட்டிக்கொள்வார்கள். கெட்டிக்காரத்தனமான தேதி என்று கேட்டால் உள்ளூர் விடுமுறைதான். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு நம் மாவட்டத்துக்கு மட்டும் லீவு. கொச்சிக்கு அது சாதாரண வேலை நாள். தேரை விட்டுவிட்டு ராட்டினம் பார்க்கப் போகிறீர்களா என்று ஆச்சி கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆனி மாதம் கேரளத்தில் நல்ல மழை வேறு. மின்னல் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். எனவே அந்த யோசனையை நான் வலியுறுத்தவில்லை.

கேரளம் என்றால் முன்பு ஹர்த்தால் பயமும் இருந்தது. ராத்திரி அறிவித்தால் காலையில் ஒரு கடை திறந்திருக்காது. 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, கிளம்புவதற்கு முன் செய்தி பார்த்துக்கொள்ளும் வழக்கத்துக்கு ஓர் அர்த்தம் வந்திருக்கிறது.

பயணத்தைப் பொறுத்தவரை அட்டவணைக் கட்சிக்குத்தான் வசதி. ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம், கோட்டயம் வழியாகக் காலையில் எர்ணாகுளம் டவுன். பிள்ளைகள் தூங்கி எழுந்திருப்பார்கள், இடுப்பு வலி இல்லை. முன்பு 120 நாளைக்கு முன்பே முன்பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். இந்த மாற்றம் நிதானமாக முடிவெடுக்கிறவர்களுக்கு நல்லதே. திடீர்க் கட்சிக்கு இருக்கிறது தட்கல்: முந்தின நாள் காலை ஏ.சி.க்கு 10 மணி, மற்றதுக்கு 11 மணி. பன்னிரண்டு பேருக்கு ஒரே வண்டியில் தட்கல் எடுத்துக் காட்டினால் அவருக்கு மாலை போடலாம். ஆகவே அவர்கள் வேன்தான்.

பார்க் கேட்டுக்கு வருவோம். ஆன்லைனில் முன்கூட்டி எடுத்தால் டிக்கெட் விலையில் தள்ளுபடி கிடைப்பதுண்டு. அதைவிட, கவுன்டர் வரிசை மிச்சம். பணம் கட்டும் முன் தேதி மாற்ற முடியுமா என்பதை மட்டும் படித்துவிடுங்கள். நம் வீடுகளில் ஒரு துஷ்டி (சாவு) வந்தால் எல்லாத் திட்டமும் நின்றுவிடும். க்யூவில் நிற்காமல் போக ஃபாஸ்ட் டிராக் என்று விலை கூடிய டிக்கெட் இருக்கிறது. எல்லாருக்கும் அதை எடுப்பது வீண். தாத்தாவும் ஆச்சியும் ஏறப்போவது இரண்டு ரைடுதான். பெரிய ரைடுகளுக்கு அலைகிற மூன்று நான்கு பேருக்கு மட்டும், அதுவும் கூட்ட நாளில் மட்டும் எடுத்தால் போதும். இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்துதான் போட முடியும். கவுன்டரில் பின்னால் ஆள் இடிக்கும்போது “எல்லாருக்கும் ஒண்ணு போல போடு” என்றுதான் வாயில் வரும்.

துணி விஷயம் இன்னும் மோசம். தண்ணீர் ரைடுகளில் நைலான், பாலியஸ்டர் மாதிரித் துணிதான், பருத்தி கூடாது. குற்றாலத்தில் சாரத்தையோ (கைலி) வேட்டியையோ மடித்துக் கட்டிக்கொண்டு குளித்த சித்தப்பா இங்கே கரையிலேயே நின்றுவிடுவார். சேலையும் நைட்டியும் அப்படித்தான். உள்ளே கடையில் கிடைக்கும், விலை கடை வைத்தவன் சொல்வது. அளவு கிடைக்காமல் மதினி பச்சைக் கலரில் முழங்காலுக்குக் கீழே தொங்குகிற ஒரு டிராயரோடு வெளியே வந்து, போட்டோ எடுத்தவனைத் துரத்துவது எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறது. ஊரிலேயே ஆளுக்கு ஒரு பாலியஸ்டர் டிராக் பேன்ட், டீசர்ட் எடுத்து வைத்தால் முடிந்தது. இது அட்டவணைக் கட்சிக்குச் சுளையான வெற்றி.

ஆனால் அவர்களும் கோட்டை விடுகிற ஓர் இடம் இருக்கிறது. அது உயரம். ரைடுகளைப் பற்றி வீடியோ பார்த்து, தர வரிசை போட்டு, பட்டியல் எழுதுவார்கள். வீட்டுப் பிள்ளைகளைச் சுவரில் நிறுத்தி அளந்து பார்க்க மாட்டார்கள். வொண்டர்லாவில் குழந்தை டிக்கெட்டையே வயதை வைத்துப் போடுவதில்லை, உயரத்தை வைத்துத்தான். பெரிய ரைடுகளுக்கு 140 செ.மீ. என்பது பரவலான கோடு. பத்து, பதினொரு வயதில் ஒரே வகுப்பில் படிக்கிற அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவன் கோட்டுக்கு மேலே, ஒருவன் கீழே. அந்த அளவுகோலுக்கு முன்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று வந்த பையன் மூச்சைப் பிடித்து, குதிகாலை லேசாகத் தூக்கி, தலைமுடியை மேலே கோதிவிட்டு நிற்பான். ஊழியர் ஒன்றும் பேசாமல் அவன் தோளில் கையை வைத்து மெல்ல அழுத்துவார். குதிகால் தரையைத் தொடும். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவனுக்கு அந்த நாள் முழுக்கக் கசந்துவிடும், கூட வந்தவனுக்கும் சேர்த்து.

திடீர்க் கட்சி இதில் மாட்டுவது தெரிந்ததே. அட்டவணைக் கட்சியும் மாட்டுகிறதென்றால் அவர்கள் திட்டம் ரைடுகளுக்கானது, ஆட்களுக்கானது இல்லை என்று அர்த்தம். பட்டியலின் இடது ஓரத்தில் ரைடு பெயர்கள் இருக்கக் கூடாது. வீட்டு ஆட்கள் பெயர் இருக்க வேண்டும். யார் எதில் ஏற முடியும், யாருக்கு முதுகு வலி, யாருக்கு ரத்த அழுத்தம், யார் கைக்குழந்தையோடு உட்காரப் போவது. மதினியும் அத்தையும் நாள் முழுக்கப் பை காக்கிறார்கள் என்றால் அது சுற்றுலா இல்லை, டூட்டி. லாக்கர் ஒன்று எடுத்துப் பைகளைப் போட்டுவிட்டால் இரண்டு பேருக்கு விடுதலை.

காலையில் முதல் ஒன்றரை மணி நேரம்தான் அட்டவணைக்கு முழு மரியாதை. கேட் திறந்ததும் கூட்டம் கண்ணில் முதலில் படுகிற ரைடில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைத் தாண்டிக் கடைசி மூலைக்கு நடந்துவிட வேண்டும். ஒரு சுற்றுக்குக் குறைந்த ஆட்களை ஏற்றுகிற ரோலர் கோஸ்டர் மாதிரி ரைடுகளை முதலில் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அவற்றின் வரிசைதான் மதியத்தில் நகரவே நகராது. வேவ் பூலும் ரெயின் டான்ஸும் எத்தனை பேர் வந்தாலும் விழுங்கும். அவற்றுக்காகக் காலையை வீணாக்கக் கூடாது. ‘போய்ப் பார்த்துக்கிடலாம்’ என்கிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். தண்ணீரைக் கண்டதும் குதித்துவிட்டு, ஈரத்தோடு மூன்று மணிக்கு ரோலர் கோஸ்டர் வரிசையின் வாலில் நிற்பார்கள்.

மதியத்துக்கு மேல் கதை மாறும். பிள்ளைகள் ஒரு சறுக்கில் ஏழாவது தடவை இறங்கிக்கொண்டிருக்கும்போது, “அடுத்தது 2.40-க்கு” என்று கையில் போனோடு வருகிற அத்தான்தான் அந்த நேரத்தில் பார்க்கிலேயே வேண்டாத ஆள். வேவ் பூலில் சங்கு ஊதி அலை கிளம்பும்போது, தண்ணீரில் இறங்கவே மாட்டேன் என்றிருந்த ஆச்சி கணுக்கால் வரைக்கும் இறங்கி, அப்புறம் முழங்கால், அப்புறம் உட்கார்ந்தே விடுவாள். எந்த அட்டவணையிலும் அதற்கு வரி இருக்காது. குற்றாலத்துக் கட்சி இந்த மூன்று மணி நேரத்தில் காட்டுகிற திறமையை மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்: ஓர் இடம் பிடித்திருந்தால் அங்கேயே கிடப்பது.

சாப்பாட்டில் இரண்டு கட்சிக்கும் வித்தியாசம் இல்லை. வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். புளியோதரையும் பருப்புத் துவையலும் கட்டிக் கொண்டுபோனால் பார்க்கிங்கிலேயே காலைக்குத் தின்று முடிக்க வேண்டியதுதான்.

வெளிநாட்டுப் பார்க் என்றால் நான் பேசியதில் பாதி செல்லாது. மகன் அமெரிக்காவில் இருக்கிறான், ஃப்ளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டு கூட்டிப்போகிறான் என்றால் அங்கே திட்டமிடாமல் இருக்க இடமே விட்டுவைக்கவில்லை. 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்று இலவசமாக ஒரு முறை வந்தது: சீட்டு எடுத்துவிட்டு, அதில் போட்ட நேரத்துக்கு வந்தால் போதும். 2021-ல் அதன் இடத்துக்குக் காசு கட்டும் முறை வந்தது. 2024-லிருந்து அதன் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ். டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்கள் 7 நாளுக்கு முன்பே நேரம் பிடிக்கலாம், மற்றவர்கள் 3 நாளுக்கு முன்பு. அங்கே ‘போய்ப் பார்த்துக்கிடலாம்’ என்றால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சிங்கப்பூர் யுனிவர்சலில் திடீர்க் கட்சிக்கு ஒரு சின்னச் சலுகை: சில ரைடுகளில் தனியாள் வரிசை இருக்கிறது, காலி சீட்டில் செருகிவிடுவார்கள். கூட வந்தவர்களை விட்டுவிட்டு ஏறச் சம்மதிக்கிற வயசுப் பையன்களுக்கு அது சரி. நம் அத்தைமார்களுக்குச் சரிப்படாது.

இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை வருகிற விஷயம் ஒன்று உண்டு, வேன் டிரைவர். நடுராத்திரி கிளம்பி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, தென்மலை வளைவுகளில் இறங்கி, ஏழெட்டு மணி நேரம் ஓட்டி விடுகிறவர் அவர். நாம் உள்ளே போனதும் பார்க்கிங்கில் வெயிலில் சீட்டைச் சாய்த்துப் படுக்கிறார். சாயங்காலம் அதே ஆள், அதே மலை, அதே இருட்டு. ‘வண்டியை எடு’ என்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. நிமிஷக் கணக்கில் அட்டவணை போடுகிறவர்களின் பட்டியலிலும் அவர் பெயர் இருப்பதில்லை. பக்கத்தில் ஒரு லாட்ஜில் பகலுக்கு அறை போட்டுக் கொடுங்கள், சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு கொடுங்கள். அல்லது இரண்டாவது டிரைவர் வேண்டும் என்று வேன் பேசும்போதே சொல்லிவிடுங்கள். காசு இடிக்கிறதென்றால் ஃபாஸ்ட் டிராக்கில் இரண்டு பேரைக் குறைத்துக்கொள்ளலாம்.