குழலா, அறையா? .22 பிஸ்டலை எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும்

ரிம்ஃபயர் பிஸ்டல், அதாவது ஊசி தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் .22 பிஸ்டல், வைத்திருப்பவர்களிடம் இரண்டு கட்சிகள் உண்டு. ஒவ்வொரு முறை சுட்டு முடித்ததும் பிரித்து, குழலில் கரைப்பான் விட்டு, துணி வெள்ளையாக வெளியே வரும்வரை தேய்ப்பவர்கள் ஒரு கட்சி. தகராறு செய்தால் ஒழியக் கை வைக்காதவர்கள் இன்னொரு கட்சி. முதல் கட்சியில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். பிறகு மூன்று ஆண்டுகளாக, இரண்டாவது கட்சிக்கு நெருக்கமான, ஆனால் ஒரே ஒரு இடத்தில் அதைவிடக் கறாரான ஒரு வழக்கத்துக்கு மாறிவிட்டேன். அந்த ஓர் இடம் தோட்டா உட்காரும் அறை.

முதல் வழக்கம் எனக்கு வீட்டிலிருந்து வந்தது. காரைக்குடியில் எங்கள் ஐயா ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். எப்போதாவது ஒரு குண்டு போட்டாலும் அன்று இரவே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசிய பிறகுதான் சாப்பிட உட்காருவார். அவர் காலத்துக்கு அது சரியான பழக்கம். அந்நாளைய கரிமருந்தும், ஊசி அடித்ததும் அதைப் பற்றவைக்கும் பொறிமருந்தும் குழலில் உப்பை விட்டுச்செல்லும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஓரிரு நாளில் துரு பிடிக்கும். இன்று நாம் வாங்கும் .22 தோட்டாக்களின் பொறிமருந்து அப்படி அரிப்பதில்லை. மேலும் ஈயக் குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு, குழலின் உட்புறத்தில் மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. இரவே கழுவியாக வேண்டும் என்ற அவசரம் போய்விட்டது. பழக்கம் மட்டும் தொடர்கிறது.

குழலைத் தினமும் தேய்ப்பதற்கு ஆதரவாக ஒரு நல்ல வாதம் உண்டு. ரிம்ஃபயர் பொறிமருந்தில் உராய்வுக்காக நுண்ணிய கண்ணாடித் தூள் சேர்க்கப்படும். அதன் எச்சம் கரியோடு சேர்ந்து அறைக்கு முன்னால் குழலின் அடிப்பக்கத்தில் படியும். நாளாக ஆக அது கெட்டியாகும், எடுப்பதும் கடினமாகும். ஐம்பது மீட்டர் ரைஃபிள் சுடுபவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர்களுடைய இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர். குழலில் சிறு மாற்றம் வந்தாலும் இலக்கு அட்டையில் தெரியும்.

நான் சுடுவது 25 மீட்டர் பிஸ்டல். எங்கள் நிதானச் சுற்று இலக்கில் பத்து வட்டம் 50 மில்லிமீட்டர், விரைவுச் சுற்றில் 100 மில்லிமீட்டர். ஒரு கையால் பிடித்து நிற்கும்போது என் கையின் ஆட்டமே குழலின் அழுக்கைவிடப் பல மடங்கு பெரியது. ஐந்நூறு தோட்டாக்கள் சுட்ட குழலுக்கும் அன்று காலை தேய்த்த குழலுக்கும் என் அட்டையில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்லப்போனால் நன்றாகத் தேய்த்த மறுநாள்தான் முதல் பத்துத் தோட்டாக்கள் கொஞ்சம் சிதறின. குழலில் மெழுகும் ஈயமும் மறுபடி சமமாகப் படிந்த பிறகே குண்டுகள் ஒரே இடத்தில் கூடின. உரிமத்தில் குறித்த அளவுக்குள் தோட்டா வாங்கி, காரைக்குடியிலிருந்து மதுரைக்கு இரண்டு மணி நேரம் பயணம் செய்து சுடுபவருக்குப் பத்துத் தோட்டா சிறிய விஷயம் இல்லை.

குழலை அதிகம் தேய்ப்பதில் தேய்மானமும் இருக்கிறது. பின்பக்கமிருந்து நேராகக் கம்பி விட இடம் தராத பிஸ்டல்களில், கம்பியைக் குழல் வாய் வழியாகத்தான் நுழைக்க வேண்டியிருக்கும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் விளிம்பு அது. அங்கே கம்பி உரசி உரசி ஒரு பக்கம் தேய்ந்தால் சரிசெய்யப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கல்யாணச் சீர் வெள்ளிச் சாமான்களை எங்கள் அப்பத்தா யாரையும் அழுத்தித் தேய்க்க விடமாட்டார். பூ வேலைப்பாடு மழுங்கிவிடும் என்பார். எஃகுக் கம்பியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் கேட்கும்.

இனி அறைக்கு வருகிறேன். மாறக் காரணமே அதுதான்.

ஒரு போட்டியின் விரைவுச் சுற்று. மூன்று விநாடிதான் இலக்கு தெரியும், பிறகு ஏழு விநாடி இடைவெளி. இரண்டாவது தோட்டாவில் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. முந்தைய இரவு முக்கால் மணி நேரம் செலவழித்துத் தேய்த்த பிஸ்டல் அது. குழல் கண்ணாடி போல் இருந்தது. பிஸ்டலை இலக்கின் பக்கமே நீட்டியபடி கோளாறு என்று காட்ட இடது கையைத் தூக்கி நின்றேன். எடுத்துப் பார்த்தபோது தோட்டாவின் விளிம்பில் ஊசி பட்ட தடம் ஆழமில்லாமல் இருந்தது. தோட்டா மட்டம் என்று முடிவுகட்டினேன். அடுத்த வாரப் பயிற்சியில் வேறு பெட்டித் தோட்டாவிலும் அதே கதை. ஆனால் அதே தோட்டாவை மறுபடி போட்டு அடித்தால் வெடித்தது.

அந்த இரண்டாவது அடியில்தான் விடை இருக்கிறது. ரிம்ஃபயரில் பொறிமருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் இருக்கிறது. அந்த விளிம்பு அறையின் வாயில் முட்டி நின்றால்தான் ஊசி அதை நசுக்க முடியும். அறைக்குள் மெழுகும் கரியும் படிந்தால் தோட்டா முழுமையாக உள்ளே போகாமல் மயிரிழை வெளியே நிற்கும். ஊசி அடிக்கும்போது அந்த வேகத்தில் பெரும்பங்கு தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும். விளிம்பை நசுக்க மிச்சம் போதாது. இரண்டாவது முறை தோட்டா ஏற்கெனவே இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் வெடிக்கிறது.

முக்கால் மணி நேரம் தேய்த்தும் அறை ஏன் அழுக்காக இருந்தது? குழலின் அளவுக்கு வெட்டிய துணி, அதைவிட அகலமான அறையில் சரியாகப் படாமலே வழுக்கிப் போய்விடும். குழல் பளபளக்கும், அறை அப்படியே இருக்கும். போதாததற்கு நான் தாராளமாக விட்ட எண்ணெய் கரியோடு குழைந்து பசையாகியிருந்தது. இரண்டு ஆண்டுகளாகச் சுத்தம் தேவைப்படாத இடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இப்போது சுட்டு முடித்ததும் சுடும் தளத்திலேயே ஐந்து நிமிட வேலை. மேகசினைக் கழற்றி, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்வேன். அறையில் அதன் அகலத்துக்கேற்ற வெண்கல பிரஷ்ஷைக் கையால் நாலு சுற்று சுற்றி, உலர்ந்த துணியால் துடைப்பேன். அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கியின் அடியில் சேரும் கரியை மரப் பல்குத்தியால் எடுப்பேன். போல்ட் ஓடும் தடத்தில் ஒரு சொட்டு எண்ணெய், அறையில் ஒரு சொட்டும் இல்லை. குழலைத் தொடுவது ஏறக்குறைய ஐந்நூறு தோட்டாக்களுக்கு ஒரு முறை. அப்போதும் அறைப் பக்கமிருந்து வாய்ப் பக்கம் இழுக்கும் கயிறுதான், கம்பி இல்லை. மூன்று ஆண்டுகளில் தோட்டா வெடிக்காத அந்த மந்த அடி வந்தது இரண்டே முறை. இரண்டு முறையும் அவசரத்தில் அறையைத் துடைக்காமல் கிளம்பிய நாளுக்கு அடுத்த பயிற்சியில்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. தளத்தில் ஒரு தம்பி, “ஆச்சி, தேங்காய் எண்ணெய் போட்டால் என்ன?” என்று கேட்டான். வேண்டாம். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், மற்றச் சமையல் எண்ணெய்கள் பல நாளடைவில் பிசினாக இறுகும். தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் கிடைத்தாலே போதும்.

ஈயம் நஞ்சு. துடைத்த துணியைத் தனியே கட்டி எறிய வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது, அடுப்படிப் பக்கம் இந்த வேலையே ஆகாது.

என் அனுபவம் ஒரே பிஸ்டலோடும், சாதாரண வேகத் தோட்டாக்களோடும் நிற்கிறது. அதிவேகத் தோட்டா போடுபவர்கள் ஐந்நூறு என்ற என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலோரத்தில் இருப்பவர்களும் அப்படித்தான். எங்கள் செம்மண் சீமையில் ஆண்டின் பெரும்பகுதி வறண்ட காற்று. அதனால் குழலை விட்டுவைக்க எனக்குத் துணிவு வருகிறது. ஐப்பசி மழை தொடங்கும்போது மட்டும் நானும் பழைய கட்சிக்காரியாகிவிடுகிறேன். முழுவதும் பிரித்து, துடைத்து, வெளி எஃகில் எண்ணெய்த் துணி ஓட்டி, ஈரம் பிடித்துவைக்கும் பஞ்சுப் பெட்டியிலிருந்து எடுத்து, ஐயாவின் இரும்புப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பூட்டிவைக்கிறேன். கார்த்திகை முடியும்வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை அந்தப் பொட்டலங்களை மாற்ற வேண்டியிருக்கிறது.