தேன் நல்லது, போஸ்டர்தான் பிடிக்கவில்லை

இலங்கையின் வன்னியில், ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டி வடக்கே போனால் வரும் சின்னக் கடை. காட்டுத்தேன், பனங்கட்டிக் குட்டான், ஒடியல் மா, பனையோலைப் பெட்டிகள், அப்புறம் கேகாலைப் பக்கமிருந்து எடுப்பிக்கிற யானைச் சாணக் கொப்பி. இலாபத்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் படிப்புக்கும் வனவிலங்குக்கும் என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். இப்படி எழுதின கடையில் நான் முதலில் விலையைத்தான் பார்ப்பேன், புண்ணியத்துக்கும் சேர்த்து எங்களிடம்தானே அறவிடுவார்கள்.

தேன் விலை கூடத்தான். வீதியோரம் சாராயப் போத்தலில் விற்பதைவிட நல்லாகக் கூட. ஆனால் தேன் தேனாகவே இருக்கிறது, சீனிப்பாணி இல்லை. தண்ணீரில் விட்டுப் பார்க்கிறது, திரி நனைத்துக் கொளுத்திப் பார்க்கிறது எல்லாம் சும்மா கதை, அதை நம்பி ஏமாந்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். இங்கே யார் எடுத்தது, எந்தக் காடு என்று கேட்டால் சொல்கிறார்கள். தேன்வதையை முழுதாக வெட்டாமல் தேன் இருக்கிற பகுதியை மட்டும் வெட்டி, குஞ்சு இருக்கிற பகுதியை விட்டு வருகிறவர்களிடம்தான் வாங்குகிறார்களாம். பந்தம் கொளுத்திக் கூட்டையே எரித்தால் அடுத்த வருசம் அந்த மரத்தில் தேனும் இல்லை, சிலவேளை காடும் இல்லை. மூடி மட்டும் சரியில்லை, பையெல்லாம் பிசுபிசுத்துப் போனது.

நான் நிற்கும்போதே வான் வண்டியில் வந்த ஒருவர் மெதுவாகக் கேட்டார், "தங்கச்சி, தேனில போட்ட மான் வத்தல் இருக்கே?" கடையில் நின்ற பிள்ளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "இல்லை அண்ணை, அது நாங்கள் எடுக்கிறேல்லை." காட்டு விலங்கைக் காக்க 1937ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது, வன்னியில் அதை யார் கேட்டார்கள். காட்டு இறைச்சிக்கு ஆள் இருக்கும்வரை, தீனிக்குள் வெடிமருந்து மறைத்து வைக்கிற பன்றிவெடியும் இருக்கும், அதைக் கடித்து வாய் கிழிந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் கிடந்து சாவது யானைக்குட்டி. 2019இல் மட்டும் இலங்கையில் 400க்கு மேல் யானைகள் செத்தன, நூறுக்கு மேல் மனிதர்களும். நல்ல விலை வருகிற சாமானை வேண்டாம் என்று சொல்கிற கடை, வருசத்துக்கு ஒருமுறை மரம் நட்டுப் படம் எடுக்கிற கம்பனியைவிட எனக்குப் பெரிது.

சாணக் கொப்பி அழகுதான். யானை தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமல் நாராகவே வெளியே வரும், அதை அவித்துக் கழுவிக் கழிவுக் கடதாசியோடு சேர்த்து அடிக்கிறார்கள். கேகாலையில் மக்ஸிமஸ் என்கிற நிறுவனம் 1990களின் கடைசியிலிருந்து இதைச் செய்கிறது. ஆனால் இதை வாங்கினால் யானையிடமிருந்து எங்கள் தென்னங்கன்று தப்பும் என்று நினைக்க வேண்டாம், காட்டு யானைக்கும் இந்தக் கொப்பிக்கும் தூரம் அதிகம். மை வேறு ஊறுகிறது. அதைவிட இவர்கள் கிராம எல்லையில் இருக்கிற குடும்பங்களுக்கு வேலியில் கட்டத் தேனீப் பெட்டி வாங்கிக் கொடுத்தது உருப்படியான வேலை. கலைந்த தேனீயின் இரைச்சல் கேட்டால் இலங்கை யானைகளும் விலகிப் போகின்றன என்று 2018இல் ஆய்வு வந்தது. எல்லா யானையும் பயப்படாது, சரி, ஆனாலும் வேலியிலிருந்தே தேனும் வருகிறது.

இனி அந்தப் 'பங்கு'. இலாபத்தில் என்றால் எனக்குச் சந்தேகம்தான், முதலாளியின் வாகனச் செலவையும் கழித்தபிறகு மிஞ்சுவதுதானே இலாபம். 'ஒன் பெர்சென்ட் ஃபோர் த பிளானட்' என்று 2002இல் தொடங்கிய அமைப்பில் சேருகிற கம்பனிகள் இலாபத்தில் இல்லை, விற்பனையில் 1 சதவீதம் கொடுக்க வேண்டும். அதைச் சொல்லிக் கேட்டேன். கணக்குக் கொப்பியை எடுத்து நீட்டினார்கள்: பஸ் சீசன் டிக்கெட், சப்பாத்து, ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி. புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தரும், பிள்ளை பள்ளிக்கூடம் விடுவது இந்த மாதிரிச் சில்லறைச் செலவில்தான். சிறுவர் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், கொண்டுபோய் விட்டது வறுமை. அதனால் பனையோலைப் பெட்டி இழைக்கிற அம்மாமாருக்கு, நிறையப் பேர் தனியாகக் குடும்பம் பார்க்கிறவர்கள், பெட்டி கொடுத்த அன்றைக்கே காசு கொடுக்கிறார்களே, அதைத்தான் நான் பெரிய உதவி என்பேன். மாதக்கணக்கில் இழுத்தடித்தால் அவர்கள் நுண்கடன்காரரிடம்தான் போவார்கள்.

பிடிக்காத ஒன்று, சுவரில் பிள்ளைகளின் படமும் பெயரும், கீழே "தந்தையை இழந்தவர்" என்று வேறு. அந்தப் பிள்ளை நாளைக்கு இதே வீதியால் சைக்கிளில் போகாதா? சொன்னேன், யோசிக்கிறோம் என்றார்கள். கழற்றினால் இன்னொரு நட்சத்திரம் போடுவேன், இப்போதைக்கு நாலு.

கார்ட் எடுக்க மாட்டார்கள், காசு கொண்டு போங்கள். பொங்கலுக்குப் பெட்டி வேண்டுமென்றால் மார்கழி தொடங்கும்போதே சொல்லி வையுங்கள்.