ஏரிக்கு எது: ஜிலேபியா, கட்லா-ரோகுவா?

கண்மாய் நிறைந்ததும் மீன்பாசிக் குத்தகை, அதாவது அதில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, எடுத்தவர் முன்னால் வந்து நிற்கும் கேள்வி இது. கட்லா, ரோகு, மிர்கால் என்றால் ஆண்டுதோறும் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட வேண்டும். ஜிலேபி என்று நாம் சொல்லும் திலாப்பியா மீனுக்கு அந்தச் செலவில்லை. பெரும்பாலான நீர்நிலைகளில் அது ஏற்கெனவே குடியேறிவிட்டது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆறேழு மாதம் மட்டும் தண்ணீர் நிற்கும் கண்மாய்க்குக் கட்லா வகைதான் சரி. வற்றாத அணையில் ஜிலேபியை ஒதுக்கிவிட்டுத் திட்டம் போடவே முடியாது.

கட்லாவும் ரோகுவும் வட இந்தியாவின் பெரிய ஆறுகளில் பிறந்து வளர்ந்தவை. மழைக்கால வெள்ளம் புரண்டு ஓடும்போதுதான் முட்டையிடும். தாய்மீன் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருந்தாலும், தேங்கிய கண்மாய் நீரில் அது குஞ்சாகாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் மீன்வள விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி என்ற மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இந்த வகை மீன்களை முட்டையிட வைத்தார். இன்று நம் ஊர்க் கண்மாயில் கட்லா துள்ளுகிறதென்றால் அதற்கு அந்த ஊசிதான் காரணம்.

ஜிலேபி இதற்கு நேர்மாறு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. அணையில் தண்ணீர் இறங்கும்போது கரைச் சேற்றில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரியும். ஆண்மீன் தோண்டிய கூடுகள் அவை. பெண்மீன் அங்கே முட்டையிட்டு, எல்லாவற்றையும் வாய்க்குள் அள்ளிக்கொண்டு போய்விடும். சில நூறு முட்டைகள்தான், ஆனால் குஞ்சு நீந்தப் பழகும்வரை பட்டினி கிடந்து வாயிலேயே காக்கும். வலையில் சிக்கிய தாய்மீன் மஞ்சள் முட்டைகளைக் கக்குவதை மீன்பிடிக்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இரண்டு மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். கூட்டம் பெருகினால் வளர்ச்சி நின்று, உள்ளங்கை அளவிலேயே முட்டையிடத் தொடங்கும். இதனால்தான் 1959-லேயே இதைப் புது நீர்நிலைகளில் விடக்கூடாது என்று இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை போட்டது.

சரி, கண்மாய்க் கணக்குக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் நிறைகிற தண்ணீர் சித்திரைக்குள் வற்றிவிடும். இந்தக் குறுகிய காலத்தில் எடை வைப்பது கட்லாதான். அது மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும், ரோகு நடுநீரில் மேயும், மிர்கால் அடிச்சேற்றைக் கிளறும். மூன்றும் ஒன்றின் இரையில் மற்றொன்று அதிகம் கை வைக்காமல் வளரும். ஆனால் கண் திறந்த குஞ்சுகளைக் கொண்டுவந்து கொட்டினால் விராலுக்கும் கெளுத்திக்கும் விருந்து வைத்ததாகிவிடும். விரல் நீளத்துக்கு வளர்ந்த விரலிகளாகத்தான் விட வேண்டும். விலை கூடுதல்தான், ஆனாலும் இங்கே மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

அணையிலும் இதே பாடம் உண்டு. ஆழியாறு அணையில் 1980-களில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டுதலில் பெரிய விரலிகளைப் பல தவணையாக விட்டார்கள். சிறு கண் வலைகளைத் தவிர்த்து, ஒரு கிலோ எட்டாத மீனைப் பிடிக்காமல் விட்டார்கள். விளைச்சல் பல மடங்கு உயர்ந்தது. ஆனால் இதை நடத்த ஆண்டுதோறும் பணமும் கண்காணிப்பும் வேண்டும்.

அந்தப் பணம் நின்றுபோனால்? இலங்கையைப் பாருங்கள். அங்கும் 1952-ல்தான் ஜிலேபி வந்தது. இன்று குளத்து மீன்பிடியின் முதுகெலும்பே திலாப்பியா வகைகள்தான். 1990 முதல் 1994 வரை உள்நாட்டு மீன்வளத்துக்கான ஆதரவை அரசு நிறுத்தியது. குஞ்சு விடுவதை நம்பிய திட்டங்கள் முடங்கின. தானே பெருகும் திலாப்பியா மட்டும் பெரிய குளங்களில் தொடர்ந்து வலையில் விழுந்தது. ஏழைக் குடும்பத்துக்கு மலிவான மீன், ஊடுமுள்ளும் குறைவு. இதைக் களை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

அதற்காக ஜிலேபி இல்லாத ஏரியில் கொண்டுபோய் விடலாமா என்றால், கூடவே கூடாது. ஒருமுறை புகுந்தால் திரும்ப எடுக்க வழியில்லை. நாட்டுக் கெண்டைகளின் இடமும் இரையும் பறிபோகும். பண்ணைக்கென்று உருவாக்கிய கிஃப்ட் திலாப்பியாவும் வேலி போட்ட குளத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஏற்கெனவே ஜிலேபி நிறைந்த அணையில் அதை ஆண்டு முழுக்க நன்றாகப் பிடித்துக் குறைப்பதும், கூடவே பெரிய கட்லா விரலிகளை விடுவதும்தான் இப்போதைக்கு நடைமுறைக்கு ஏற்ற வழி. குத்தகையை ஓராண்டுக்கு மட்டும் விடாமல் மூன்று நான்கு ஆண்டுகளுக்குக் கொடுத்தால், எடுப்பவர் விரலிக்குத் துணிந்து செலவு செய்வார்.