லேசர் கிளீனிங் மெஷின்: ஃபெட்லிங் வேலைக்கு எடுக்கலாமா?

நீங்களும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். துருப்பிடித்த தகடு ஒன்றின் மேல் ஒளிக்கோடு ஓட ஓட அடியில் பளபளவென்று இரும்பு தெரிந்துகொண்டே வரும். அதைக் காட்டிவிட்டு மெஷின் விற்பவர்கள் “உங்க காஸ்டிங்ல இருக்கிற எல்லா டிஃபெக்ட்டும் இப்படித்தான் போயிடும் சார்” என்பார்கள். தகடு வேறு, மணல் அச்சை உடைத்து வெளியே எடுத்த வார்ப்பு வேறு. அந்த மெஷினை ஃபெட்லிங் பகுதியில், அதாவது வார்ப்பில் ஒட்டிய மணலையும் பிசிறையும் நீக்கிச் சுத்தம் செய்யும் இடத்தில், வைத்து ஓட்டிப் பார்த்ததில் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தெரிந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்தது கையில் பிடித்து ஓட்டும் 200 வாட் பல்ஸ் ஃபைபர் லேசர் (ஒளி தொடராக வராமல் துடிப்புத் துடிப்பாக வரும்), அலைநீளம் 1064 நானோமீட்டர், காற்றிலேயே குளிரும் வகை என்பதால் தண்ணீர் சில்லர் தொல்லை இல்லை. 200 வாட்டா, கிரைண்டரே இதைவிட அதிகம் இழுக்குமே என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் நொடிக்கு 20,000 துடிப்பு என்று வைத்தால் ஒவ்வொரு துடிப்பிலும் 10 மில்லிஜூல் வரும், அது 100 நானோநொடிக்குள் கொட்டிவிடுவதால் அந்தக் கணத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 100 கிலோவாட். துரு, ஆக்சைடு செதில், பெயிண்ட் எல்லாம் அந்த ஒளியை வாங்கிக்கொண்டு ஆவியாகவும் பொடியாகவும் பறந்துவிடும். அடியில் இருக்கும் உலோகமோ அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், வெப்பம் உள்ளே இறங்க நேரமும் கிடைக்காது. அதனால்தான் வேலை முடிந்த இடத்தைத் தொட்டால் பெரிதாகச் சூடு இருப்பதில்லை.

ஓட்டும்போது காதும் வேலை செய்யும். செதில் பிரியும்வரை சர்ர்ரென்று தடித்த சத்தம், உலோகம் தெரிந்ததும் அதுவே மெலிந்துவிடும். பழகிய ஆள் இந்தச் சத்தத்தை வைத்தே கையை நகர்த்துகிறார். ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து வரும் காஸ்டிங்கின் மெல்லிய செதில், கிடங்கில் கிடந்து பிடித்த துரு, டை காஸ்டிங் (உலோக அச்சில் அழுத்தி வார்க்கும்) பாகங்களில் ஒட்டியிருக்கும் டை லூப்ரிகன்ட் (வார்ப்பு ஒட்டாமலிருக்க அச்சில் பூசும் திரவம்) கறை, வெல்டிங்கில் சரிசெய்யப் போகும் இடத்தைச் சுற்றிலும் இருக்கும் அழுக்கு, இவற்றுக்கெல்லாம் மெஷின் அருமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: சுத்தமான வெற்று இரும்பு சீக்கிரமே மறுபடி துருப்பிடிக்கும், எண்ணெயோ பிரைமரோ உடனே அடித்துவிட வேண்டும்.

மணல் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான். மேலோட்டமாக ஒட்டிய மணல், அச்சில் பூசிய கோட்டிங்கின் மிச்சம், மணலைச் சேர்த்துப் பிடிக்கும் பைண்டர் கருகிய படலம் எல்லாம் போகும். ஆனால் உலோகம் மணலுக்குள் புகுந்து இறுகிப்போன இடம், அதாவது சூடான மூலைகளிலும் கோர் (உள்ளே வெற்றிடம் விட வைக்கும் மணல் கட்டி) இருந்த ஓட்டையின் உள்பக்கத்திலும் வருகிற அந்தக் கெட்டிப் பொருக்கு, அசையாது. சுத்தமான சிலிக்கா இந்த அலைநீளத்தை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். லேசர் ஒளியைப் பெட்டியில் இருந்து கைப்பிடிவரை கொண்டுவரும் ஃபைபரே சிலிக்காதானே! சுற்றியுள்ள இரும்பு ஆக்சைடு சூடாகும், அதோடு சேர்ந்து மணல் உருகும், கடைசியில் கறுப்புக் கண்ணாடி முத்துகள் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை உளி வைத்துத்தான் தட்ட வேண்டும். அச்சின் இரு பாதியும் சேரும் பார்ட்டிங் லைன் பிசிறு, கூடுதல் உலோகம் ஊட்ட வைத்த ரைசரை வெட்டிய அடிக்கட்டை பற்றிக் கேட்கவே வேண்டாம், கிரைண்டரை யாரும் விற்றுவிடாதீர்கள்.

அப்புறம் ப்ளோஹோல், பின்ஹோல் (வாயுவால் வரும் பெரிய, சிறிய ஓட்டைகள்), விரிசல், கோல்ட் ஷட் (இரு பக்கமிருந்து வந்த உலோகம் சரியாக ஒட்டாமல் நின்ற கோடு). லேசர் கிளீனிங் இவற்றில் எதையும் போக்காது. ஓட்டை என்பது உலோகம் இல்லாத இடம், இல்லாததை ஒளி எப்படி நீக்கும்? அதை நிரப்புவது வயரோ பவுடரோ ஊட்டும் லேசர் வெல்டிங், கிளாடிங் வேலை, அது வேறு மெஷின், வேறு திறமை. ஆனால் இங்கே எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. ஷாட் பிளாஸ்டிங்கில் வேகமாக வீசும் சின்ன உலோகக் குண்டுகள் அடித்து அடித்து உலோகத்தோலை நசுக்கி, சின்ன விரிசலின் வாயை மூடிவிடும், டை பெனிட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயம்) போட்டாலும் சிவப்பு உள்ளே இறங்காது. பல்ஸ் லேசரில் அந்த நசுக்கல் இல்லை. சந்தேகமான காஸ்டிங்கின் ஒரு மூலையை மட்டும் லேசரில் சுத்தம் செய்து பெனிட்ரன்ட் போட்டபோது, மயிரிழை அளவு கோல்ட் ஷட் ஒன்று சிவப்புக் கோடாக மேலே வந்து நின்றது. என்னைக் கேட்டால் வார்ப்பு வேலையில் இந்த மெஷினுக்கு முதல் உபயோகம் இதுதான்: மறைந்திருக்கும் குறையைக் காட்டிக்கொடுப்பது. விற்பவர் யாரும் இதைச் சொல்வதில்லை.

வெல்டிங், கட்டிங், கிளீனிங் மூன்றும் செய்யும் “த்ரீ இன் ஒன்” என்று 1,500, 2,000 வாட்டில் வருபவை தொடர் ஒளி லேசர்கள், துடிப்பு கிடையாது. வேகமாகச் சுத்தம் செய்யும், பார்க்கவும் பிரமாதமாக இருக்கும், ஆனால் தோலை உருக்கிவிடும். கிரே அயர்னில் (சாம்பல் வார்ப்பிரும்பு) இது ஆபத்து, ஏனென்றால் கிராஃபைட்டாக இருந்த கார்பன் உருகிய உலோகத்தில் கரைந்து, மறுகணமே குளிர்வதால் சிமென்டைட் என்ற மிகக் கெட்டியான கார்பைடாக நின்றுவிடும், அப்படியே வெள்ளை இரும்புத் தோல். மெஷினிங்குக்குப் போனதும் வெட்டுக்கருவியின் இன்சர்ட் முனை உடையும், ஆபரேட்டர் ஃபவுண்டரியைத் திட்டுவார், ஃபவுண்டரியோ கெமிஸ்ட்ரியைச் சந்தேகிக்கும். போதாததற்கு, உருகிய தோல் விரிசல் வாயையும் மூடிவிடும், அப்படியானால் ஷாட் பிளாஸ்டிங்கையே வைத்துக்கொள்ளலாமே. துருப்பிடித்த கிரில், கிராதிக்கு அது போதும். காஸ்டிங்குக்கு நான் தொட மாட்டேன்.

அலுமினியம் தனிக் கதை. இந்த ஒளியில் 90 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அடிக்கும் உலோகம் அது. சக்தி குறைந்தால் ஒன்றும் நடக்காது, கொஞ்சம் கூடினால் மேல்தோல் உருகி மங்கிவிடும். டை காஸ்டிங்கில் தோலுக்கு அடியில் காற்று நுண்துளைகள் இருக்கும், லேசரை அதிகமாக ஓட்டினால் அவை வாய் திறந்துகொள்ளும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஸ்கிராப் துண்டில் ஓட்டி செட்டிங்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் ஒரே தலைவலி, முன்னால் இருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. கம்ப்ரசர் காற்றில் எண்ணெயோ ஈரமோ இருந்தால் அது கண்ணாடியில் படிந்து, லேசர் பட்டு, ஒரு புள்ளி கருகும். அந்தப் புள்ளி இன்னும் சூடாகிப் பெரிதாகும். நல்ல ஃபில்டரும் டிரையரும் போட்ட பிறகு பிரச்சினை அடங்கியது. எங்களுக்கு விற்ற நிறுவனம் உபரிக் கண்ணாடியை மெஷினோடு தரவில்லை, கேட்டபோது இழுத்தடித்தது, ஆகவே வாங்கும்போதே கையில் வாங்கி வையுங்கள்.

புகை உறிஞ்சி இல்லாமல் ஓட்டவே கூடாது. பறப்பது நுண்தூள், அதில் சிலிக்கா இருக்கும், ஸ்டெயின்லெஸ் காஸ்டிங் என்றால் ஆறு இணைதிறன் குரோமியமும் வரும். கண் விஷயம் அதைவிட மோசம். இது கிளாஸ் 4 லேசர், கண்ணுக்குத் தெரியாத ஒளி, அதனால் இமை தானாக மூடாது, மெஷினிங் செய்த பளபளப்பான முகத்தில் பட்டுத் திரும்பி வந்தாலும் விழித்திரை போய்விடும். எங்களுக்குப் பெட்டியோடு வந்த பச்சைக் கண்ணாடியில் எந்த எண்ணும் அச்சிட்டிருக்கவில்லை, தூக்கிப் போட்டுவிட்டு 1064 நானோமீட்டரும் ஓடி (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எண்) 6-க்கு மேலும் என்று தெளிவாகக் குறித்ததை வாங்கினோம். ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, லேசர் ஓடும் இடத்தைச் சுற்றிய தடுப்புக்குள் யார் நுழைந்தாலும் ஒன்று வேண்டும், காஸ்டிங்கைத் திருப்பி வைக்க வரும் உதவியாளருக்கும் சேர்த்து எண்ணி வாங்குங்கள்.