மூலமா, சாரமா? போர்க்காலக் கூட்டாளிகளின் உளவுப் பகிர்வு

நம்பிக்கை குறைந்த கூட்டாளிக்கு உளவுத் தகவலை மூலவடிவிலேயே கொடுப்பதா, சாரத்தை மட்டும் கொடுப்பதா என்று விவாதப் போட்டிக்கு ஆயத்தமாகும் யாழ்ப்பாண உயர்தர மாணவர்கள் கேட்கின்றனர்.

இரகசியக் காப்பு: சாரமே மேல். இரண்டாம் உலகப் போரில், ஜேர்மனியின் மறைகுறி இயந்திரமான எனிக்மாவின் குறிமுறை உடைபட்டதை மறைத்தே பிரித்தானியா மொஸ்கோவுக்குத் தகவல் அனுப்பியது.

நம்பகம்: இங்கேதான் சாரம் தோற்கிறது. 1941 ஏப்ரலில் ஜேர்மன் படைநகர்வு பற்றிச் சேர்ச்சில் அனுப்பிய எச்சரிக்கையைச் சூழ்ச்சியென ஐயுற்ற ஸ்டாலினின் தரப்பு, பிரித்தானியக் குறிமுறை உடைப்பு நிலையமான பிளெட்ச்லி பார்க்கிலிருந்து சோவியத் உளவாளி ஜோன் கெயர்ன்குரொஸ் களவாகக் கொடுத்த மூலப் பிரதிகளை ஜேர்மனியருடனான 1943 குர்ஸ்க் சமருக்கு முன் மதித்து ஏற்றது. களவுப் பொருளுக்கே மதிப்பு!

செலவு: மூலப் பகிர்வுக்கு, 1943 மே மாதப் பிரித்தானிய-அமெரிக்க உடன்படிக்கை போல, எழுத்திலான விதிகள் வேண்டும்.

நீண்டகால உறவுக்கு மூலம் பொருந்தும். பொது எதிரிக்காக மட்டும் சேர்ந்தவருக்கு, அவர் நம்பாமற் போகக்கூடும் என்றறிந்தும், சாரத்தையே கொடுப்பேன்.